தராசும் திருநீறும்

நமது கோயில்களில் வணிகருக்கு இரண்டு வகை மரியாதை கிடைத்து வருகின்றது. திருப்பணிக்குப் பொருள் திரட்டும் நாளில் அவர் தருமவான், குலவிளக்கு, இக்காலக் கர்ணன். அதே மண்டபத்தில் மறுவாரம் சமயச் சொற்பொழிவு நிகழும்போதோ வாணிகம் மாயை. பொருளீட்டல் பாவத்தின் வித்து. கல்லாப் பெட்டி நரகத்தின் வாயில். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவ்வணிகரும், இஃது அடுத்த கடைக்காரரைப் பற்றிய பேச்சென்று எண்ணித் தலையசைத்து மகிழ்கின்றார். பின்னர் எழுந்து சென்று சொற்பொழிவாளருக்குப் பொன்னாடை போர்த்துகின்றார். இக்காட்சியைக் காணாத தமிழர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருத்தல் அரிது.

இதனை வேடிக்கையென்று விட்டுவிட நமக்கு மனமில்லை. இவ்விரண்டு மரியாதைகளுக்கும் நடுவே நசுங்குவோர் சிலர் உளர். தம் தொழிலை மெய்யாகவே நேசிக்கும் சிறு வணிகரே அவர். தோட்டம் கைமாறி லயங்கள் இடிக்கப்பட்டபின் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து, தாய் சொல்லித் தந்த பக்குவத்தில் மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து விற்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். மல்லி வறுபடும் மணத்தைக் கொண்டே பதம் கண்டு அடுப்பைத் தணிக்கும் ஆற்றல் அவளுக்கு உண்டு. அத்தூளை வாங்கிச் சென்றவர் மறுமுறை வந்து குழம்பு நன்றாயிருந்ததென்று கூறும்போது அவள் முகத்தில் தோன்றும் மலர்ச்சிக்கு எந்த விலையும் ஈடாகாது. பூக்கடை வைத்திருக்கும் இளைஞனும் அவ்வாறே. மணமாலைக்கு அரளியோடு மரிக்கொழுந்தை எவ்விடத்தில் சேர்ப்பதென்று அவன் கண்மூடிச் சிந்திக்கும் சிந்தனை, நம் சொற்பொழிவாளர் பலர் கண்மூடிச் செய்யும் தியானத்தினும் ஆழமானது என்றே நாம் கருதுகின்றோம்.

இத்தகையோரை நோக்கித்தான், "இவ்வளவு பற்று ஆகாது, கடையைச் சற்றே விட்டுக் கடவுளைப் பார்" என்று வீட்டாரும் வேதாந்திகளும் இடித்துரைக்கின்றனர். அவரும் ஏதோ குற்றம் புரிந்தவரைப் போல் குன்றிப் போகின்றார். தொழிலில் நாட்டம் வளர வளர ஆன்மா தேய்கின்றதோ என்று அஞ்சுகின்றார். சிலர் இவ்வச்சத்தாலேயே நன்கு நடந்த கடையைக் கைவிட்டு, ஏதேனுமோர் ஆபீசில் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்து, ஓய்ந்த நேரத்தில் தேவாரம் படித்துத் திருப்தியடைய முயல்கின்றனர். உத்தியோகத்தையே ஆண்மகனுக்கு இலட்சணமாக்கிய பழமொழி நம்மவர் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதால், உற்றாரும் இதனை ஞானமென்று பாராட்டுகின்றனர். இந்த அச்சம் பொய்யானது. பொய்யாவதோடு, நம் சமூகத்துக்குப் பெருங்கேடும் விளைப்பது.

முதலில் பிரசங்கியார் பக்கம் செல்வோம். அவர் எப்பொழுதும் எடுத்துக்கொள்வது பட்டினத்தார் கதை. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், கடல் கடந்து பொருளீட்டியவர், காதற்ற ஊசியொன்றால் உலகம் வெறுத்துக் கோவணத்தோடு வெளியேறினார் என்பது அக்கதை. கதை உயர்ந்ததே, அவர் பெருமையைக் குறைக்க நாம் முற்படவில்லை. ஆனால் இக்கதையை ஓயாது ஓதுவோர், அதே சைவ மரபில் உள்ள பிற கதைகளை ஏன் விழுங்கிவிடுகின்றனர்? சேக்கிழாரின் பெரியபுராணத்தைத் திறந்து பார்த்தால் அங்கே ஒரு கடைத்தெருவே தென்படுகின்றது. திருநீலகண்டர் குயவர். நேசர் நெசவாளர். கலியர் செக்காட்டியவர். அதிபத்தர் கடலில் வலை வீசியவர். அமர்நீதியார் பழையாறையில் ஆடை வாணிகம் செய்தவர். தொழிலைத் துறந்தாலன்றி அடியாராகவியலாது என்று இவர்களுள் எவருக்கும் நிபந்தனை விதிக்கப்பட்டதாகக் காணோம்.

திருக்குறிப்புத் தொண்டரைப் பாருங்கள். அவர் துணி வெளுப்பவர். அடியார்களின் துணியைத் தோய்த்துத் தருவதே அவர் செய்த வழிபாடு. வேறு தவம் ஒன்றும் அவர் செய்ததாகக் கூறப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் தருவதாக ஒருவரிடம் வாங்கிய கந்தைத் துணி, விடாது பெய்த மழையால் உலராமற் போகின்றது. சொன்ன சொல் தவறியதே என்று அவர் துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதிக்கொள்ள முற்படுகின்றார். அவ்விடத்தில்தான் இறைவன் கை நீண்டு தடுத்ததாகக் கதை செல்கின்றது. குறித்த நேரத்தில் சரக்கைத் தருதல் என்னும் வாணிக ஒழுக்கத்துக்கு இதனினும் பெரிய சிறப்பை எவர் கொடுத்துள்ளார்? (தீபாவளிக்கு முன்னாள் இரவு வரை சட்டைக்கு அலையவிடும் நம் தையற்கடை அன்பர்கள் இப்புராணத்தை ஒருமுறையேனும் படிப்பது நலம்.)

புராணத்தை வரலாறென்று கொள்ளுமாறு நாம் எவரையும் வேண்டவில்லை. சுயமரியாதைத் தோழர்கள் இதனைப் படித்து நகைப்பர் என்பதையும் அறிவோம். கல்லிலிருந்து கை நீண்டதா இல்லையா என்பது நமது வாதமன்று. இக்கதைகளைப் போற்றி வந்த மக்கள் எதனை உயர்வென்று கருதினர் என்பதே நமக்கு வேண்டுவது. வண்ணானின் கல்லையும் குயவனின் சக்கரத்தையும் அவர்கள் திருக்கோயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை. அவற்றை வெளியே தள்ளியவர் பிற்காலத்தார்; அவற்றைத் தொட்டு உழைத்தவரையும் சாதியின் பெயரால் சேர்த்தே தள்ளினர்.

புராணம் வேண்டாமெனின், நம் மண்ணிலேயே நடந்த ஒன்றைக் கூறுவோம். 1887ஆம் ஆண்டு பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்னும் மருத்துவர் 1913ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்தார். சிரம்பானை அடுத்த தோட்ட மருத்துவமனையில் நம் தோட்ட மக்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1923ஆம் ஆண்டு அனைத்தையும் விட்டு வடநாடு சென்று துறவு பூண்டார். அவரே சுவாமி சிவானந்தர். உத்தியோகத்தை உதறிய உத்தமர் என்று நம் பிரசங்கிகள் இவரையும் பட்டினத்தாரோடு சேர்த்துப் பேசுவதுண்டு. ஆயின் பின்னர் நிகழ்ந்ததைக் கூறுவதில்லை. ரிஷிகேசத்தை அடுத்த லட்சுமண்ஜூலாவில் 1927ஆம் ஆண்டு அவர் ஓர் இலவச மருந்தகம் திறந்தார். யாத்திரிகருக்கும் சாதுக்களுக்கும் அங்கே மருந்தளித்தார். 1936ஆம் ஆண்டு தெய்வீக வாழ்க்கைச் சங்கம் நிறுவப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகட்கு முன்பே மருந்துப் பெட்டி அவர் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. அவர் துறந்தது சம்பளத்தையும் வீட்டையும். நோயாளியின் நாடி பார்க்கும் தொழிலை அவர் துறக்கவில்லை. நேசித்த தொழில் ஆன்ம சாதனத்துக்குப் பகையாயின், இமயத்தின் அடிவாரத்தில் அவருக்கு மருந்துக் குப்பிகள் எதற்கு?

இனி, பிரசங்கியாருக்குப் பொன்னாடை போர்த்திய முதலாளியின் பக்கம் திரும்புவோம்.

வாணிகத்தையும் வழிபாட்டையும் ஒருங்கே நடத்துவதில் இத்தீவகற்பத்துத் தமிழருக்கு வழிகாட்டியாய் நின்றவர் நகரத்தார் எனலாம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த அவர்தம் கிட்டங்கிகளில் பூசையும் கொடுக்கல் வாங்கலும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. பிள்ளையார் சுழி இடாமல் பேரேட்டில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. தொழிலில் ஒரு பகுதி மகமையென்று ஒதுக்கப்பட்டு, தெய்வத்தின் பேரில் பற்று வரவு எழுதப்பட்டது. டாங்க் ரோட்டில் 1859ஆம் ஆண்டு எழுந்த தெண்டாயுதபாணி கோயில் அத்தகைய கூட்டு முயற்சியின் விளைவே. கிட்டங்கிகள் இன்று அங்கே இல்லை, கோயில் இருக்கின்றது.

இந்த ஏற்பாட்டில் வியக்கத்தக்க ஒன்றுண்டு. கணக்குப் புத்தகத்துக்குள் தெய்வத்துக்கு இடம் கொடுத்தமையே அது. ஆனால் எந்த நிலையில் இடம் கொடுப்பது? பேரேட்டில் பெயர் உள்ள தெய்வத்தை, எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்க்கும் கணக்குத் தணிக்கையாளராகக் கொள்ளலாம். இலாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டு மற்றதைக் கேளாத கூட்டாளியாகவும் கொள்ளலாம். முன்னது உள்ள கடையில் மகமை ஒரு நினைவூட்டல். பின்னது உள்ள கடையில் அது கைக்கூலி. நகரத்தாருள் இரு வகையினரும் இருந்திருப்பர். எந்த வணிகக் குலத்திலும் அப்படித்தான். நமக்குக் கவலை தருவது, பின்னைய வகை இன்று குலங்கடந்து பரவி, அதுவே பக்தி என்று பெயர் பெற்றுவிட்டமையாகும்.

பழைய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். கிலோ வருமுன் இந்நாட்டில் நிறுத்தல் கட்டியிலும் தாயிலிலும் நடந்தது. 16 தாயில் ஒரு கட்டி. 100 கட்டி ஒரு பிக்கல். 1928ஆம் ஆண்டளவில், எளிதிற் செல்லத்தக்க பகுதிகளிலிருந்த தோட்டங்களில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசும் கூலியாக விதிக்கப்பட்டிருந்தது. மாதம் 26 நாள் உழைத்த ஆடவன் 13 வெள்ளி பெறுவான். அதிற் சரிபாதி, அஃதாவது 6 வெள்ளி 50 காசு, அரிசி பருப்பு வகைக்குக் கடையிற் சென்றதென்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் கட்டிக்கு ஒரே ஒரு தாயில் குறைத்து நிறுத்தால் போதும். தராசின் தட்டில் கண்ணுக்குத் தெரியாத அளவு. பதினாறில் ஒரு பங்கு போயிற்று. ஏறத்தாழ 40 காசு. அவன் மனைவி, விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, அட்டை கடிக்கப் பால்மரம் வெட்டிய ஒரு முழு நாளின் கூலி அது. மாதந்தோறும் அவளுடைய ஒரு நாள் கடைக்காரரின் தட்டுக்கு அடியில் மறைந்தது.

இப்படி 50 குடும்பம் பற்று வைத்திருக்கும் கடையாயின் மாதம் 20 வெள்ளி. ஆண்டுக்கு 240 வெள்ளி. அதில் 50 வெள்ளியை எடுத்து மாரியம்மன் திருவிழாவில் ஒரு நாள் உபயம் நடத்திவிட்டால், அவ்வாண்டு முழுதும் அவரே பக்திமான். உபயக்காரர் என்று முதல் மாலை அவருக்கே. அம்மாலைக்குப் பொருள் கொடுத்த ஐம்பது பெண்களும் கூட்டத்தின் கடைசியில் நின்று கன்னத்திற் போட்டுக்கொள்வர். மீதி 190 வெள்ளியைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசுவதில்லை. தோட்டக் கடைக்காரர் எல்லாரும் இங்ஙனம் செய்தனர் என்று நாம் கூறவில்லை. வேலைநிறுத்தக் காலத்தில் லயத்துக்குக் கடனாக அரிசி அளந்தவரும் அவருள் உண்டு. ஒரு தாயிலின் எடை என்னவென்பதைக் காட்டவே இக்கணக்கு.

தாயில் போய்விட்டது. மின்தராசு வந்துவிட்டது. அதனால் குறைநிறுவை போய்விட்டதா? இன்று அது வேறு தட்டில் நடக்கின்றது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் சிங்கப்பூரின் 1968ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தரப்படவேண்டும் என்கின்றன. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உண்டு என்கின்றன. நம்மவர் உணவகங்களிலும் மளிகைக் கடைகளிலும் பாத்திரம் துலக்கும் தமிழகத்து இளைஞனிடம் சென்று, உனக்கு வார ஓய்வு எந்த நாள் என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் நேரான விடை கிடைக்கும். சில இடங்களில் அவன் முதலாளி நிற்கும் திசையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பான். பிறர் கடவுச்சீட்டைச் சட்ட உரிமையின்றித் தம் கைவசம் வைத்திருப்பதை மலேசியாவின் 1966ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் கடவுச்சீட்டுகளைப் பூட்டி வைத்த இரும்புப் பெட்டியின் மேலேயே இலட்சுமி படத்தை வைத்து ஊதுவத்தி ஏற்றும் முதலாளிமார் நம்மில் இல்லையென்று எவரேனும் துணிந்து கூறுவரா?

ஆயுத பூசையன்று இவர்கள் தராசுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டுகின்றனர். கருவியைப் போற்றும் அவ்வழக்கம் அழகானதே. ஆனால் தராசு பேசுமாயின், எனக்குப் பொட்டு வேண்டாம், மற்ற நாட்களில் என் தட்டின்மேல் வைத்த விரலை எடுத்துவிடு என்றே கேட்கும்.

திருவள்ளுவர் வாணிகத்தின் நெறியை எவ்விடத்தில் வைத்தார் என்பது நோக்கத்தக்கது. பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், இல்லறவியலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணிச் செய்வதே வாணிகம் செய்வார்க்கு வாணிகமாகும் என்பது அதன் கருத்து. அதே அதிகாரத்தில், சான்றோர் எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பதற்கு அவர் காட்டும் உவமையும் துலாக்கோலே. கடைக்காரர் சான்றோரைப் பார்த்து ஒழுகவேண்டும் என்று எல்லாரும் கூறுவர். சான்றோர் கடைக்காரரின் கருவியைப் பார்த்து ஒழுகவேண்டும் என்றவர் வள்ளுவர். இஸ்லாமியச் சகோதரரின் மறையும் இதில் வேறுபடவில்லை. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்கு அளவையில் மோசம் செய்வோர் என்பதே பெயர். ஓர் அத்தியாயத்துக்குக் கள்ளத்தராசுக்காரரின் பெயரை இடுமளவுக்கு அக்குற்றம் பெரிதாகக் கருதப்பட்டிருக்கின்றது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நெடுங்காலமாய்க் கடை வைத்து வாழும் தமிழ் முஸ்லிம்கள் இதனை நன்கறிவர்.

வாணிகம் மாயையென்னும் பிரசங்கியும், உபயத்தால் கணக்கைத் தீர்க்கும் முதலாளியும் எதிரெதிர்த் திசையில் நிற்பவர் போல் தோன்றுவர். உற்று நோக்கின் இருவரும் ஒரே கொள்கையினர். கடையென்பது கடவுள் இல்லாத இடம் என்பதே அக்கொள்கை. இல்லாத இடத்தை விட்டு ஓடு என்கின்றார் ஒருவர். இல்லாத இடத்தில் எதுவும் செய்யலாம், பிறகு இருக்கும் இடத்துக்குச் சென்று தீர்த்துக்கொள்ளலாம் என்கின்றார் மற்றவர். அதனாலேதான் பிரசங்கியின் வசைமொழி முதலாளியைச் சுடுவதில்லை. வாணிகம் முழுவதுமே அழுக்கு என்றால், அதிற் கொஞ்சம் அதிக அழுக்கு என்ன செய்துவிடும்? கூலியை நிறுத்தி வைத்தவருக்கும் நாள் தவறாது கொடுத்தவருக்கும் அச்சொற்பொழிவில் ஒரே நரகந்தான். ஆகவே, வாணிகத்தைப் பழிக்கும் உபதேசமே கள்ள வாணிகத்துக்கு அரண் செய்து கொடுக்கின்றது என்று குற்றஞ் சாட்டுகின்றோம்.

நாம் கூறுவது எளிது. இறைவன் உளன் என்று நம்புவோர், அவன் கல்லாவுக்குப் பின்னாலும் உளன் என்று நம்புக. நம்பாதவர், மனச்சாட்சி என்று ஒன்றிருந்தால் அது கடை திறந்திருக்கும் வேளையில் உறங்க வேண்டியதில்லை என்று கொள்க. வணிகன் செய்யத்தக்க சாதனம் அவன் கையருகிலேயே கிடக்கின்றது. பழுதான சரக்கை இது பழுதென்று கூறுதல், எழுத்தறியாத மூதாட்டி நீட்டும் பற்றுப் புத்தகத்தில் வாங்கியதை மட்டும் எழுதுதல், தவறு செய்த பணியாளனை வாடிக்கையாளர் முன் அவமானஞ் செய்யாதிருத்தல், நட்டம் வந்த மாதத்திலும் கூலியை முதலில் எடுத்து வைத்தல் ஆகிய இவை எந்த நோன்புக்கும் இளைத்தவையல்ல. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பதைவிட நாற்பத்தெட்டு நாள் ஒரு பொய்யும் கூறாமல் துணி விற்பது கடினம். ஐயமுள்ளவர் ஜவுளிக் கடையில் முயன்று பார்க்கலாம்.

ஆயின், தொழிலின்மேல் உள்ள அன்பு பற்று ஆகாதோ என்பர். இங்கேதான் நம்மவர் இரண்டு பொருளை ஒன்றாகக் குழப்புகின்றனர். தொழிலை நேசித்தல் ஒன்று. தொழில் தரும் வரவை நேசித்தல் வேறொன்று. மிளகாய்த்தூள் அரைக்கும் அப்பெண்ணிடம், சாயம் கலந்தால் நிறம் நன்றாயிருக்கும், செலவும் குறையும் என்று ஒருவர் கூறினால் அவள் சீறுவாள். அவள் சினம் சட்டத்துக்கு அஞ்சியதன்று. தன் தூளின்மேல் கொண்ட அன்பிலிருந்து எழுவது. வரவை மட்டும் நேசிப்பவர்க்கு அந்த யோசனை நல்ல யோசனையாகவே தோன்றும். எனவே தொழிலன்பு நேர்மைக்குக் காவல் நிற்கின்றது. அதனைப் பற்றென்று பழித்து அறுத்துவிட்டால் எஞ்சி நிற்பது வரவு ஒன்றே. கடையில் மனமில்லாத கடைக்காரரைப் போல் ஆபத்தானவர் பிறரில்லை.

இவ்வன்புக்கும் ஓர் எல்லையுண்டு என்பதை மறைக்கமாட்டோம். எத்தொழிலையும் நேசிக்கலாம் என்றால், லயத்து வாசலில் சம்சு விற்பவரும் எனக்கு என் தொழில் உயிர் என்பார். கெடா மாநிலத்தில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது எதற்காக? வாங்குபவன் குடியைக் கெடுத்தாலன்றி நடவாத வாணிகம் ஒன்று உண்டென்பதை அவர்கள் அறிந்திருந்தமையால்தான். அத்தகைய வாணிகத்தில் எடை சரியாயிருந்தென்ன, நேரம் சரியாயிருந்தென்ன? அவ்வருவாயில் பாற்குடம் எடுப்பவரைப் பற்றி நாம் அதிகம் கூற விரும்பவில்லை.

வேறொரு தடையும் எழுப்பப்படும். கடையே வழிபாட்டிடம் என்றால், தியானம் எதற்கு, தொழுகை எதற்கு, கோயில்தான் எதற்கு என்பர். நியாயமான வினா. அதிகாலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு அடைப்பவரின் காதில் நாள் முழுதும் பேரமே ஒலிக்கின்றது. அவ்வொலியில் தம் சொல்லில் கலந்த சிறு பொய் அவருக்கே கேளாது. தனித்து அமர்ந்த அரைமணியில்தான் அது மேலே மிதந்து வரும். நேற்று ஒருவரிடம் கடுமையாய்ப் பேசியது, ஒரு சரக்குக்கு இருமடங்கு விலை வைத்தது, கடனை இன்னும் திருப்பாதது எல்லாம் அப்பொழுதுதான் நினைவுக்கு வரும். அதற்காகவே தியானம் வேண்டும். கடையை மறப்பதற்குக் கண்மூடுபவர் பாதிப் பயனையே பெறுகின்றார். திருக்குர்ஆனின் 62ஆம் அத்தியாயம், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வாணிகத்தை விட்டு விரையச் சொல்கின்றது. தொழுகை முடிந்ததும் பரந்து சென்று இறைவன் அருளைத் தேடவும் சொல்கின்றது. விடுவதும் திரும்புவதும் ஒரே மூச்சில் கூறப்பட்டிருப்பதை மற்றச் சமயத்தாரும் கவனித்தல் நன்று. அவ்வரைமணி முதலாளிக்கு மட்டும் உரியதென்று எண்ணலாகாது. முதலாளி பூசையறையில் அமர்ந்திருக்க, அவருக்கும் சேர்த்துப் பணியாளன் மூச்சுவிடாது ஓடுவானாயின், அந்தத் தியானம் அவன் தோளில் ஏறி அமர்ந்த தியானம்.

போட்டி மிகுந்த இக்காலத்தில் இங்ஙனம் நடந்தால் பிழைக்க முடியுமா என்று கேட்பவரும் உளர். வருவாய் குறையலாம். சரியாக நிறுத்தால் நல்லூழ் பெருகும், கடை பத்தாகும் என்று ஆசை காட்ட நாம் சோதிடர் அல்லோம். நேர்மையாய் நடந்து நொடித்தவரையும் கண்டிருக்கின்றோம். வஞ்சித்து மாளிகை கட்டியவரையும் கண்டிருக்கின்றோம். பெரிய கடை வேண்டுமா, நேசித்த கடை வேண்டுமா என்று ஒரு நாள் முடிவு செய்ய நேரின், அம்முடிவை வணிகரே செய்துகொள்ளட்டும். வஞ்சித்துப் பெரிதாக்கியபின் அதற்குத் தெய்வத்தின் கையெழுத்தைக் கேட்பதைத்தான் ஆட்சேபிக்கின்றோம்.

கடைசியாக ஆலய நிர்வாகத்தாரிடம் ஒரு விண்ணப்பம். சலவைக்கல்லில் பெயர் பொறிக்குமுன் நன்கொடையாளரின் பெயர் சரியா, எழுத்துப் பிழையுண்டா என்று மும்முறை கேட்கின்றீர்கள். நான்காவது முறையாக, "ஐயா, உங்கள் கடைப் பையன்களுக்கு இம்மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் என்ன இடையூறு? கொடுத்தவர் மகிழ்ந்து ஆம் என்பார். கொடாதவர் சினந்தால் சினக்கட்டும். அவர் தரும் தொகை எவருடையது என்பது அச்சினத்திலேயே விளங்கிவிடும். கோபுரம் ஒரு நிலை குறைவாக எழும் என்று அஞ்சுகின்றீர்களா? ஒரு நிலை குறைந்த கோபுரத்தைத் தெய்வம் ஏற்காது என்று எந்த ஆகமத்தில் எழுதியிருக்கின்றது என்பதைத் தெரிவித்தால் கற்றுக்கொள்வோம். இக்கேள்வியைக் கேட்க முடியாதென்று கருதும் நிர்வாகத்தார் தம் காரணங்களை எழுதியனுப்புவாராக. ஒரு சொல்லும் குறைக்காமல் இப்பகுதியில் வெளியிடுகின்றோம்.